கண் காட்டிக்கொடுக்கும்

*நோய்க்குப் பெயர் தேடி ஆண்டுக்கணக்கில் அலைகின்றன குடும்பங்கள். துப்பு சில நேரம் கண்ணிலேயே இருக்கிறது. மதுரையிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.*

ஆறு விரலோடு பிள்ளை பிறந்தால் மதுரைப் பக்கத்தில் யாரும் பதறுவதில்லை. "அதிர்ஷ்டத்தைக் கையோட கொண்டு வந்திருக்கான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பதறாமல் இருப்பது சரிதான். கூடுதல் விரலோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வேறெந்தக் கோளாறும் இருப்பதில்லை.

வெகு சிலருக்கு மட்டும் கதை தொடர்கிறது. கைக்குழந்தைப் பருவத்திலேயே அறுவை மருத்துவர் அந்த விரலை எடுத்துவிடுகிறார். இரண்டு மூன்று வயதில் பிள்ளை குண்டாகிறது. சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். ஏழெட்டு வயதில் பொழுது சாய்ந்தால் வாசற்படி தடுக்குகிறது. மாலைக்கண் என்று முருங்கைக்கீரையும் வைட்டமின் ஏ மருந்தும் தரப்படுகின்றன. படிப்பு ஏறவில்லை என்று பள்ளியில் கடைசி வரிசைக்குப் போகிறது. பதினைந்து பதினாறு வயதில் பார்வை பெருமளவு போய்விடுகிறது. பிறகு ஒருநாள் கால் வீங்குகிறது, சிறுநீரகம் பழுது என்று ரத்தப் பரிசோதனை சொல்கிறது.

இது ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் கதை அல்ல. பார்டெட்-பீடில் என்ற பரம்பரை நோய் வழக்கமாக நடக்கும் பாதை இது. பிரான்சின் ஜார்ஜ் பார்டெட் 1920-லும், ஆர்தர் பீடில் 1922-லும் விவரித்த நோய். ஆக, மருத்துவப் புத்தகத்தில் ஏறி நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. விரலை எடுத்தவர், எடையைப் பார்த்தவர், கண்ணைப் பார்த்தவர், சிறுநீரகத்தைப் பார்த்தவர் என எல்லோரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கலாம். நால்வர் எழுதியதையும் சேர்த்துப் படிக்கத்தான் ஆள் இல்லை. அரிய நோய் உள்ளவர்கள் பெயர் தெரியாமல் அலைவதற்கு இந்தச் சேர்த்துப் படிக்காத பழக்கமும் ஒரு பெரிய காரணம்.

அரிது, ஆனால் கொஞ்சமல்ல

ஆயிரம் பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வரும் நோயை அரிய நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 2 லட்சம் பேருக்குக் குறைவாக இருந்தால் அரிது. ஐரோப்பாவில் 10,000 பேரில் ஐந்துக்கு மிகாமல் இருந்தால் அரிது. இந்தியா தனக்கென ஓர் எண்ணிக்கை வரையறையை வகுத்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட நோய்கள் 6,000-க்கும் மேல் உள்ளன. ஏறத்தாழ முக்கால் பங்கு மரபணுக் கோளாறால் வருபவை. பெரும்பாலானவை குழந்தைப் பருவத்திலேயே தலைகாட்டுபவை. ஒவ்வொன்றும் தனித்தனியே அரிது. சேர்த்துக் கூட்டினால் உலக மக்களில் 3.5 முதல் 5.9 சதவீதம் பேரை ஏதோ ஓர் அரிய நோய் தொடுகிறது என்று 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஐரோப்பாவில் 41 நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டு 2024-இல் வெளியான ஆய்வின்படி, முதல் அறிகுறியிலிருந்து நோயின் பெயர் தெரியும்வரை ஆகும் காலம் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிக காலம் பிடிக்கிறது. குடும்ப மருத்துவர், காப்பீடு, கணினிப் பதிவு எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாடுகளிலேயே இந்த நிலை.

நம்மூரில் பதிவு என்பது மஞ்சள் பைக்குள் இருக்கும் சீட்டுகள்தான். உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ கிளம்பி ஆரப்பாளையத்தில் இறங்கும் குடும்பம், பெரியாஸ்பத்திரியில் ஒரு ஓபி சீட்டு, தனியார் கிளினிக்கில் ஒரு சீட்டு, ஸ்கேன் சென்டரில் ஒரு ரிப்போர்ட் என்று சேர்த்துக்கொண்டே போகிறது. மழையில் நனைந்தது போக, வீடு மாறியதில் தொலைந்தது போக மிஞ்சியதுதான் அடுத்த மருத்துவரின் மேசைக்கு வருகிறது.

பேய் இல்லை, செம்பு

1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையால் மதுரை உலக வரைபடத்தில் ஏறியது. கண்புரை அறுவைக்காகப் புகழ்பெற்ற ஊர் இது. உடம்பின் எங்கோ நடக்கும் அரிய நோய்கள் கண்ணில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் என்பது மட்டும் வெளியே அவ்வளவாகத் தெரியாது.

வில்சன் நோயை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டில் வரும் செம்புச் சத்தில் மிஞ்சியதைப் பித்தநீர் வழியே வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அதற்கான மரபணு பழுதானால் செம்பு வெளியே போகாமல் முதலில் கல்லீரலிலும் பிறகு மூளையிலும் படிகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கையெழுத்து கெடுகிறது. பேச்சு குழறுகிறது, எச்சில் ஒழுகுகிறது, கை நடுங்குகிறது. காரணமில்லாமல் சிரிப்பு, கோபம், அழுகை. இன்னொரு பிள்ளைக்கு மஞ்சள்காமாலை மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

மஞ்சள்காமாலை என்றால் கீழாநெல்லி. குணம் மாறினால் பாண்டி கோயில், கோரிப்பாளையம் தர்கா, மந்திரிப்பவர் வீடு. அதன்பின் மனநல மருத்துவர். இந்த வரிசையைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் கண்ணெதிரே குணம் மாறிப்போன பிள்ளையை வைத்துக்கொண்டு, யாரும் காரணம் சொல்லாதபோது, ஒரு தாய் வேறெங்கு போவாள்? கோரிப்பாளையம் தர்காவுக்கும் பெரியாஸ்பத்திரியான அரசு இராசாசி மருத்துவமனைக்கும் நடந்துபோகும் தூரம்தான். இரண்டு வாசலுக்கும் போகிற குடும்பங்கள் மதுரையில் ஏராளம்.

வில்சன் நோயில் கருவிழியின் ஓரத்தில், பொன்னும் பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில், செம்பு வளையமாகப் படிகிறது. ஜெர்மானிய மருத்துவர்களான கைசர் 1902-இலும் ஃபிளைஷர் 1903-இலும் அதை எழுதிவைத்தார்கள். லண்டன் மருத்துவர் கின்னியர் வில்சன் நோயையே விவரித்தது 1912-இல். கண்ணில் கண்ட அடையாளம் நோயின் பெயரைவிடப் பத்தாண்டு மூத்தது. நரம்பு அறிகுறிகளோடு வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த வளையம் உண்டு. கல்லீரல் அறிகுறி மட்டும் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு.

நமக்கு ஒரு சிக்கல் உண்டு. வெளிர்நீலக் கண்ணில் பழுப்பு வளையம் வெறும் பார்வைக்கே பளிச்சென்று தெரியலாம். நம்முடைய கரும்பழுப்புக் கண்ணில் அது பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி, பக்கவாட்டில் மெல்லிய ஒளிக்கீற்றைப் பாய்ச்சிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியில்தான் தெரியும். கண்ணாடி மாற்றக் கண் மருத்துவமனைக்குப் போகும் பலரும் உட்கார்ந்து எழும் அதே கருவிதான். அரவிந்த் சிற்றூர்களில் நடத்தும் நூற்றுக்கும் மேற்பட்ட பார்வை மையங்களிலும் அது இருக்கிறது. பேச்சுக் குழறும் பிள்ளையை யாராவது அதன் முன் உட்காரவைத்தால் போதும்.

பலன் சாதாரணமானதல்ல. 1956-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் வால்ஷ் பெனிசிலமைன் மருந்தால் செம்பை வெளியேற்றலாம் என்று காட்டினார். துத்தநாக மாத்திரை செம்பு உடம்பில் ஏறாமல் தடுக்கும். வாழ்நாள் முழுக்க விடாமல் சாப்பிட வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் நடக்கும். தாமதமானால் கல்லீரல் மாற்று அறுவை வரை போகும்.

ஒரே அடையாளம், இரண்டு நோய்கள்

வகுப்பிலேயே உயரம், மெலிந்த உடல், நீண்ட விரல்கள், கனத்த கண்ணாடி. பள்ளியில் 'ஒட்டடைக்குச்சி' என்று பட்டப்பெயர் கிடைத்துவிடும். கண் மருத்துவர் பார்க்கும்போது விழிக்குள் இருக்கும் லென்ஸ் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்கிறது. மேல்நோக்கி நகர்ந்திருந்தால் மார்ஃபன் நோயாக இருக்கலாம். கீழ்நோக்கி என்றால் ஹோமோசிஸ்டினூரியாவாக இருக்கலாம். விதிவிலக்குகள் உண்டென்றாலும் துப்பு துப்புதான்.

மார்ஃபனில் ஆபத்து நெஞ்சில் இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மெல்ல விரிந்து, முன்னறிவிப்பில்லாமல் கிழியலாம். எக்கோ பரிசோதனையில் ஆண்டுதோறும் அளந்து, மாத்திரை கொடுத்து, தேவைப்பட்டால் முன்கூட்டியே அறுவை செய்து காப்பாற்ற முடியும். கண்ணாடிப் பவரை மட்டும் மாற்றி அனுப்பினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

ஹோமோசிஸ்டினூரியாவில் ஆபத்து ரத்தத்தில். ரத்தம் எளிதில் உறையும். மயக்கமருந்து கொடுத்துச் செய்யும் அறுவையின்போது அந்த ஆபத்து கூடும். நகர்ந்த லென்ஸை எடுக்கும் அறுவைக்கு முன்பே நோயின் பெயர் தெரிந்தாக வேண்டும் என்பது இதனால்தான். ரத்தத்தில் ஹோமோசிஸ்டின் அளவைப் பார்க்கும் சோதனை நகரத்தின் பெரிய லேப்களிலேயே கிடைக்கிறது. நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குப் பி6 வைட்டமின் மாத்திரையே வேலை செய்கிறது. கோடி ரூபாய் ஊசி பற்றிய செய்திகளுக்கு நடுவே, சில ரூபாய் மாத்திரையில் கட்டுப்படும் அரிய நோயும் உண்டு என்பது பலருக்கும் தெரியாது.

மதுரையும் எழுதிய அத்தியாயம்

பிறக்கும்போதே இரண்டு கருவிழிகளும் புகை படிந்ததுபோல் மங்கலாக இருக்கும் குழந்தைகள் உண்டு. காரணம் பலவாக இருக்கலாம். கண்நீர் அழுத்த நோயாக இருந்தால் நாள் கடத்தாமல் அறுவை செய்ய வேண்டும். முகம் தடித்து, மூட்டு மடங்காமல், தொப்புளில் குடலிறக்கமும் இருந்தால் எம்.பி.எஸ். எனப்படும் நொதிக்குறைபாட்டு வகைகளில் ஒன்றாக இருக்கலாம். அழுத்தம் சரியாக இருந்து, கருவிழி மட்டும் வீங்கித் தடித்திருந்தால் 'செட்' எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் பரம்பரைக் கருவிழி நோய். கருவிழியிலிருந்து தண்ணீரை இறைத்துத் தெளிவாக வைத்திருக்கும் உள் அடுக்கு செல்கள் வேலை செய்யாததால் வருவது. அழுத்த நோய் என்று நினைத்துத் தேவையற்ற சிகிச்சை கொடுக்க நேர்வதும் உண்டு.

'செட்' நோய்க்குக் காரணமான மரபணு 2006-இல் கண்டுபிடிக்கப்பட்டது. எஸ்எல்சி4ஏ11 என்ற அந்த மரபணுவைப் பற்றிய கட்டுரை 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வந்தபோது, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா ஆய்வாளர்களின் பெயர்களோடு மதுரை அரவிந்தின் மரபணு ஆய்வாளர் பெ. சுந்தரேசன், கருவிழி மருத்துவர்கள் மு. சீனிவாசன், வெங்கடேஷ் பிரஜ்னா ஆகியோரின் பெயர்களும் இருந்தன. உலகின் எந்த மூலையில் இப்படி ஒரு குழந்தை பிறந்தாலும் இன்று பரிசோதிக்கப்படும் மரபணுவைக் கண்டறிந்ததில் மதுரைக்கும் பங்கு உண்டு.

அதே மரபணு பழுதான சிலருக்கு வளர வளரக் காது கேட்பது குறையும் என்பது அடுத்த ஆண்டே தெரியவந்தது. ஆகவே கருவிழி மங்கிய பிள்ளைக்குக் கருவிழி மாற்று அறுவையோடு வேலை முடிவதில்லை. காதையும் விடாமல் சோதிக்க வேண்டும். பெயர் சரியாகத் தெரிந்தால்தான் அடுத்து எந்த உறுப்பைக் காவல் காக்க வேண்டும் என்பது தெரியும்.

வெளிநாட்டுப் புத்தகத்தில் இல்லாத நோயும் நம்மிடையே இருந்திருக்கிறது. இளம் வயதில் கை கால் சூம்பி, முகத் தசை தளர்ந்து, காதும் கேட்காமல் போகும் நோயாளிகளை 1970-இல் சென்னை நரம்பியல் மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பா. ராமமூர்த்தி ஆகியோர் தனி வகையாகப் பிரித்து எழுதினார்கள். 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று அது உலகெங்கும் அறியப்படுகிறது. கை காலையும் காதையும் ஒரே நோயாளியின் கணக்கில் எழுதியதால் கிடைத்த கண்டுபிடிப்பு அது.

"சொந்தத்துல கல்யாணமா?"

பரம்பரை நோய் என்ற சந்தேகம் வந்ததும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி இது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதத் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. நாடு முழுவதற்குமான அளவு 11 சதவீதம். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்பதெல்லாம் மதுரை வட்டாரத்தில் முறை; முறைப்பெண்ணை விட்டுக்கொடுப்பது இன்றும் சில வீடுகளில் சண்டை.

கணக்கு இப்படி. தாத்தாவிடமிருந்து வந்த பழுதான ஒரு மரபணு, அவருடைய பேரனிடமும் பேத்தியிடமும் அமைதியாக இருக்கலாம். இருவருக்கும் நோய் இல்லை. அவர்கள் மணந்துகொண்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று பொருளில்லை. ஒவ்வொரு பிரசவத்திலும் அதே நான்கில் ஒன்றுதான்.

"நாங்க சொந்தத்துல பண்ணலையே, வெளியதான எடுத்தோம்" என்பவர்களும் உண்டு. வெளியே என்றாலும் அதே சாதி, பல நேரம் அதே உட்பிரிவு. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் பங்கேற்ற 2017 ஆய்வு, தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள் மிகச் சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகி, தங்களுக்குள்ளேயே மணந்து வந்தவை. அவற்றில் 14 குழுக்களின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்கு மேல். அத்தனை லட்சம் பேர் இருந்தாலும் மரபணுவில் எல்லோரும் தூரத்துப் பங்காளிகள். ஆரிய வைசியர்களில் சிலருக்கு அறுவைக்கு முன் கொடுக்கும் தசைத்தளர்வு மருந்தின் விளைவு நீண்ட நேரம் நீடிப்பதற்கு இப்படி மூதாதையரிடமிருந்து வந்த ஒரு மரபணு மாற்றமே காரணம். மயக்க மருத்துவர்களுக்கு அது நீண்ட நாளாகத் தெரிந்த விஷயம்.

ஓபியில் அந்தக் கேள்வி விழும் விதம்தான் கவலை தருகிறது. பத்துப் பேர் வரிசையில் நிற்க, உரத்த குரலில் கேட்கப்படும்போது அது குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது. பழி பெரும்பாலும் தாயின் தலையில் இறங்கும். "உங்க வீட்டு வழியில வந்தது" என்று மாமியார் சொன்ன பிறகு அந்தப் பெண் தன் குடும்பத்தில் இறந்துபோன குழந்தையைப் பற்றி வாய் திறப்பாளா? மருத்துவருக்கு மிகவும் வேண்டிய தகவல் அங்கே புதைந்துபோகிறது. மறைந்திருந்து வரும் நோய்களில் தாய், தந்தை இருவரின் பங்கும் சரிபாதி. உறவில் மணக்காதவர்களின் பிள்ளைகளுக்கும் அரிய நோய் வரும். பெற்றோர் யாரிடமும் இல்லாத மாற்றம் குழந்தையில் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. இதை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்ல மரபணு ஆலோசகர் வேண்டும். தென்மாவட்டங்களில் அந்தப் பணியில் இருப்பவர்கள் மிகக் குறைவு.

பெயர் கிடைத்த பிறகு

2021 மார்ச்சில் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. ஒரே முறை சிகிச்சையில் குணமாகக்கூடியவை, குறைந்த செலவில் நெடுங்காலம் மருந்து வேண்டியவை, மருந்து இருந்தும் விலை எட்டாதவை என்று நோய்களை மூன்றாகப் பிரித்தது. 2022-இல் உதவித்தொகை உச்சவரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதைப் பெறச் சிறப்பு மையம் ஒன்றில் பதிவாக வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அப்படிப்பட்ட மையம். எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை.

மதுரைக் குடும்பத்துக்கு இது இரவு ரயில் கணக்கு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை எழும்பூர். இரண்டு நாள் கூலி போகும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும், வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். மூன்றாம் பிரிவு நோய்களுக்கோ 50 லட்சம் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ கரைந்துவிடும். மருந்து ஆயுளுக்கும் வேண்டும். தசை நலிவு நோயான எஸ்.எம்.ஏ.வுக்கு ஒரு முறை போடும் மரபணு ஊசிக்கு 16 கோடி ரூபாய் திரட்டிய குடும்பங்களைச் செய்திகளில் பார்த்தோம். அப்படித் திரட்ட முடியாதவர்கள் செய்தியில் வருவதில்லை.

மருந்தே இல்லாத நோய்க்கு எதற்குப் பெயர் என்று கேட்பவர்கள் உண்டு. பெயர் கிடைத்ததும் ஊர் ஊராக அலைவது நிற்கிறது. தேவையற்ற ஸ்கேன்கள் நிற்கின்றன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் தசைச் சிதைவும் ஹீமோபிலியாவும் உண்டு. சரியான பெயர் இருந்தால் சான்றிதழும் உதவியும் எளிது. 'மந்தம்' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குப் பார்வைக் குறைபாடுடையோர் பள்ளியில் இடம் கிடைக்கிறது.

மதுரையிலேயே செய்யக்கூடியவை

வீட்டில் செய்ய வேண்டியவை இரண்டு. எல்லாச் சீட்டுகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்து, செல்போனில் படமும் எடுத்துக்கொள்வது. மூன்று தலைமுறை உறவுகளை ஒரு தாளில் எழுதி, சிறு வயதில் இறந்தவர்களையும் கண், காது, நடை, புத்தியில் குறை இருந்தவர்களையும் குறித்துக்கொள்வது. மருத்துவரிடம் இருக்கும் ஐந்து நிமிடத்தில் இந்த ஒரு தாள் பெரிய வேலை செய்யும்.

குழந்தை மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் காரணம் தெரியாத பிள்ளையைத் தயங்காமல் கண் பரிசோதனைக்கு அனுப்பலாம். கண் மருத்துவரும் தன் சீட்டில் பவரோடு நிறுத்தாமல், 'இதயத்தைப் பார்க்கவும்', 'காதைச் சோதிக்கவும்', 'சிறுநீரகத்தைப் பார்க்கவும்' என்று ஒரு வரி எழுதலாம். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் போகும் அரசின் சிறார் நலப் பரிசோதனைக் குழுக்கள் 2013 முதல் நாடெங்கும் இயங்குகின்றன. மாலைக்கண்ணும் கூடுதல் விரலும் ஒரே பிள்ளையிடம் இருந்தால் கேள்வி எழுப்ப அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது கடினமில்லை. எல்லா அரிய நோயும் கண்ணில் தெரியாது என்பதும் உண்மை, எஸ்.எம்.ஏ. போன்றவற்றுக்கு வேறு துப்புகள் உண்டு. தென்மாவட்டங்களுக்கென அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது மரபணு ஓபி நடந்தால் எழும்பூர்ப் பயணத்தில் பாதி மிச்சம்.

இதில் ஒரு வேலையை நாளைக்கே தொடங்கலாம். வில்சன் நோய் ஒரு பிள்ளைக்கு உறுதியானால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. இன்னும் எந்த அறிகுறியும் இல்லாத அந்தத் தங்கையோ தம்பியோ இப்போதே மாத்திரை தொடங்கினால் நோய் அவர்களைத் தொடாமலே வைத்திருக்க முடியும். மூத்த பிள்ளை ஐந்தாறு ஆண்டு அலைந்து பெற்ற பெயர், இளையதற்கு ஒரே வாரத்துப் பரிசோதனை. ஆகவே பெயர் சொல்லும் மருத்துவர் அதே மூச்சில் "வீட்டில் இன்னும் எத்தனை பிள்ளைகள், நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றும் சொல்ல வேண்டும். அவர் மறந்தால் பெற்றோர் கேட்க வேண்டும்.